வெள்ளெழுத்தும் வாசிப்பும்

நாற்பது வயதைக் கடந்த ஒருவர் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பிடிக்கும் விதத்தைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். முன்பு மார்பின் அருகே நின்ற நூல் சிறிது சிறிதாக விலகிச் செல்கின்றது. நாற்காலி விளக்கை நோக்கி நகர்கின்றது. எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து வெளுத்துத் தோன்றுகின்றன. ஈற்றில் கை நீளும் அளவும் போதாமற் போகின்றது. இந்நிலைக்குத் தமிழ் மக்கள் இட்ட பெயர் வெள்ளெழுத்து என்பதாகும். சாளேசுவரம் என்றும் அதனை வழங்குவர். மராத்தி மொழியிலோ ‘சாளீசி’ என்னும் ஒரே சொல் நாற்பது வயதையும் மூக்குக் கண்ணாடியையும் ஒருங்கே குறிக்கின்றது. கண் தளரும் காலத்தை மக்கள் எத்துணைத் துல்லியமாகக் கணித்திருந்தனர் என்பதற்கு இச்சொல் ஒன்றே சான்று.

கண்ணின் உள்ளே அமைந்த வில்லை இளமையில் நெகிழ்ச்சி உடையது. அண்மையில் உள்ள பொருளைப் பார்க்கும்போது அது தடித்து வளைந்து, ஒளியை விழித்திரையிற் சரியாகக் குவிக்கின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வில்லை இறுகுகின்றது. வளையும் ஆற்றல் குறைகின்றது. இது நோயன்று, முதுமையின் இயல்பு. அரசர்க்கும் ஆண்டிக்கும், கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் பொதுவாக வருவது. ஆயினும் இதனால் மிகுதியாக வருந்துவோர் வாசிப்பையே உயிராகக் கொண்டவர்கள். அறிவு முதிர்ந்து கனியும் பருவமும் கண் தளரும் பருவமும் ஒன்றாக அமைந்தமை மனித வாழ்வின் பெரும் முரண்களுள் ஒன்று.

இம்முரணுக்கு மனித இனம் இரண்டு விடைகளைக் கண்டது. ஒன்று கண்ணுக்கு முன்னே வைக்கும் வில்லை. மற்றொன்று காதுக்கு அருகே ஒலிக்கும் பிறர் குரல். இவ்விரண்டின் வரலாறும் வாசிப்பின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதவை.

ஏட்டுக் காலத்தின் இடர்

தமிழகத்தில் அச்சு பரவுவதற்கு முன்னர் நூல் என்பது பனையோலைச் சுவடியே. ஓலையின்மேல் எழுத்தாணியாற் கீறப்பட்ட எழுத்துக்கு முதலில் நிறமில்லை. கரியும் பச்சிலைச் சாறும் கலந்த மையைத் தடவித் துடைத்தால்தான் கீறல்கள் கருத்துத் தெரியும். ஓலை பழுக்கப் பழுக்க மையும் ஓலையும் ஒரே நிறமாகிவிடும். அதன்மேலும் ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் வரிவடிவில் தெளிவாக இரா. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த எழுத்துச் சீர்திருத்தம் இக்குறையை நோக்கியே எழுந்தது. வரிகளுக்கிடையே இடைவெளியும், அடிகளுக்கிடையே பிரிவும் இல்லாத ஏட்டை இளைஞனின் கூர்ங்கண்ணே தடுமாறித்தான் படிக்கும். அறுபது வயதுப் புலவரின் கண் என் செய்யும்?

அக்காலப் புலவர்கள் கண்ணை மட்டும் நம்பி வாழவில்லை. அவர்கள் நூலை மனத்தில் வைத்தனர். தமிழில் கல்வி கற்பதைப் ‘பாடம் கேட்டல்’ என்று வழங்கியமை கருதத்தக்கது. மாணவன் பாடத்தைக் கேட்டான். ஆசிரியர் பாடத்தைச் சொன்னார். நூல் இயற்றப்பட்டால் அது அவையில் வாய்விட்டுப் படிக்கப்பெற்று அரங்கேறியது. திருவள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்துக் கேள்விக்கென்று தனி அதிகாரம் வகுத்ததும் இம்மரபின் அடையாளமே. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பார்வை இன்றியே சேயூர்க் கலம்பகம் முதலிய நூல்களைப் பாடினார். எழுத்துகளை முதுகில் எழுதிக் காட்டக் கற்றார் என்று அவரைப் பற்றிய செவிவழி வரலாறு கூறும். கண் செய்யும் வேலையைக் காதும் தோலும் நினைவும் பங்கிட்டுக்கொண்ட சமுதாயம் அது.

பைசா நகரத்துத் துறவி

வில்லையின் வரலாறு வேறு திசையில் தொடங்குகின்றது. பதினொன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரபு அறிஞர் இப்னு அல் ஹைதம் ஒளியைப் பற்றியும் பார்வையைப் பற்றியும் ஒரு பெருநூல் எழுதினார். அந்நூல் இலத்தீன் மொழிக்குச் சென்று ஐரோப்பிய அறிஞரின் சிந்தனையைக் கிளறியது. 1267ஆம் ஆண்டளவில் ஆங்கிலத் துறவி ரோஜர் பேக்கன் தம் பெருநூலில், கண்ணாடி உருண்டையின் ஒரு துண்டை எழுத்தின்மேல் வைத்துப் பார்த்தால் எழுத்துப் பெரிதாகத் தெரியும் என்றும், முதியோர்க்கும் பார்வை குறைந்தோர்க்கும் அது பயன்படும் என்றும் குறித்தார். ஆயினும் அது எழுத்தின்மேல் வைக்கும் கருவியே. மூக்கின்மேல் நிற்கும் கண்ணாடி அன்று.

மூக்குக் கண்ணாடி இத்தாலி நாட்டில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. 1306ஆம் ஆண்டு பிளாரன்ஸ் நகரில் சொற்பொழிவாற்றிய ஜியோர்தானோ என்னும் துறவி, கண்ணாடி செய்யும் கலை கண்டுபிடிக்கப்பட்டு இருபதாண்டுகள் கூட ஆகவில்லை என்றும், அதனைக் கண்டவரைத் தாமே சந்தித்துப் பேசியதாகவும் கூறினார். ஆனால் அவர் பெயரைச் சொல்லவில்லை. பைசா நகரத் துறவி மடத்தின் பழைய குறிப்பொன்று இதற்கு விளக்கம் போல அமைந்துள்ளது. கண்ணாடியை முதலிற் செய்தவர் அதன் நுட்பத்தைப் பிறர்க்குச் சொல்ல மறுத்துவிட்டார். அம்மடத்தைச் சேர்ந்த அலெஸ்ஸாந்த்ரோ தெல்லா ஸ்பீனா என்னும் துறவி, கண்ணால் கண்டதைக் கையால் செய்யும் திறன் படைத்தவர். அவர் தாமே கண்ணாடியைச் செய்து பார்த்து, அக்கலையை மகிழ்ந்த உள்ளத்தோடு எல்லார்க்கும் பகிர்ந்தளித்தார். 1313ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

கண்ணாடியைக் கண்டுபிடித்து மறைத்தவரின் பெயர் வரலாற்றில் இல்லை. அதனைப் பகிர்ந்தவரின் பெயர் எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைத்திருக்கின்றது. அறிவைப் பற்றி வரலாறு சொல்லும் பாடங்களுள் இதனினும் தெளிவானது வேறொன்று காண்பதரிது.

1352ஆம் ஆண்டில் தொம்மாசோ என்னும் ஓவியர் திரெவீசோ நகர மடத்துச் சுவரில் அறிஞர் பலரின் உருவங்களைத் தீட்டினார். அவற்றுள் ஒருவர் மூக்குக் கண்ணாடி அணிந்து ஏட்டில் எழுதுகின்றார். மூக்குக் கண்ணாடியைக் காட்டும் மிகப் பழைய ஓவியம் இதுவே என்பர். ஓவியத்தில் உள்ள அவ்வறிஞரோ 1263ஆம் ஆண்டிலேயே மறைந்தவர். தம் வாழ்நாளில் கண்ணாடியைக் கண்டிருக்க இயலாதவர். அறிஞர் என்றாலே கண்ணாடி அணிந்தவர் என்னும் எண்ணம் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குள் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது.

ஐரோப்பாவில் அச்சு தோன்றிய பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்ணாடி ஒரு வாணிகப் பொருளாகிவிட்டது. 1462ஆம் ஆண்டில் மிலான் நாட்டுக் கோமகன் பிளாரன்சிலிருந்து மூன்று டஜன் கண்ணாடிகளை வரவழைத்தார். இளையோர் தொலைவைப் பார்க்க ஒரு டஜன், முதியோர் அண்மையைப் பார்க்க ஒரு டஜன், பொதுவான பார்வைக்கு ஒரு டஜன் எனப் பிரித்துக் கேட்டிருந்தார். அச்சு நூல்கள் பெருகப் பெருகக் கண்ணாடியின் தேவையும் பெருகியது.

தென்னாட்டிற்கும் இக்கருவி விரைவில் வந்து சேர்ந்தது. விசயநகரப் பேரரசில் புகழ்பெற்று விளங்கிய துறவி வியாசராயர், காஞ்சியிற் கல்வி பயின்றவர். 1539ஆம் ஆண்டில் மறைந்தவர். அவர் வரலாற்றைப் பாடிய சோமநாதர் என்னும் வடமொழிப் புலவர், அவர் கண்ணாடி அணிந்து சுவடி படித்த காட்சியை வருணித்துள்ளார். 1510ஆம் ஆண்டில் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் வழியாக அக்கண்ணாடி வந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். பைசா நகரில் பகிரப்பட்ட கலை இருநூற்று முப்பது ஆண்டுகளுக்குள் துங்கபத்திரைக் கரையில் ஒரு முதிய அறிஞருக்கு ஏட்டை மீண்டும் திறந்துவிட்டது.

பின்னாளில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின், தொலைவுக்கு ஒன்றும் வாசிப்புக்கு ஒன்றுமாக இரு கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணியும் தொல்லையைப் போக்க விரும்பினார். இரு வில்லைகளையும் பாதியாக வெட்டி ஒரே சட்டத்தில் மேலும் கீழுமாகப் பொருத்திக்கொண்டார். 1784ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்தில் இவ்விரட்டைக் கண்ணாடியைப் பற்றி அவர் மகிழ்வோடு குறித்தபோது அவருக்கு வயது எழுபத்தெட்டு.

மில்டனும் எல்வுட்டும்

வில்லையால் தீராத குறைக்குக் குரலே துணை. ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டன் 1652ஆம் ஆண்டில், நாற்பத்து மூன்றாம் வயதில், பார்வையை முற்றும் இழந்தார். முதுமை வருமுன்னரே இருள் வந்துவிட்டது. அவர் கற்ற மொழிகளோ பல. நூல்கள் சுற்றிலும் இருந்தும் எழுத்து ஒன்றும் தெரியாத நிலையில், தம் மகளிர் இருவரை வாசிக்கப் பழக்கினார். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், இத்தாலியம் முதலிய மொழி நூல்களை அவர்கள் பிழையின்றி உச்சரிக்கக் கற்றனர். ஆனால் ஒரு சொல்லுக்கும் பொருள் அறியார். இச்செய்தியை எழுதியவர் மில்டனின் சகோதரி மகனே. பொருள் விளங்காத ஒலிகளை நாள்தோறும் ஒப்பித்த அப்பெண்களுக்கு வாசிப்பு ஒரு தண்டனையாயிற்று. தந்தையின் அறிவுப் பசி தீர்ந்தது. மக்களின் மனம் கசந்தது.

இதற்கு எதிராக நிற்பது தாமஸ் எல்வுட் என்னும் இளைஞரின் வரலாறு. 1662ஆம் ஆண்டில், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதில், அவர் மில்டனை நாடி வந்தார். கற்ற கல்வி போதாது என்னும் குறை அவர் உள்ளத்தை அரித்துக்கொண்டிருந்தது. ஞாயிறு நீங்கலாக ஒவ்வொரு நாளும் பிற்பகலில் கவிஞரின் இல்லம் சென்று இலத்தீன் நூல்களை வாசித்தார். வாசிக்கும் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே, எல்வுட்டுக்குப் பொருள் விளங்கிற்றா இல்லையா என்பதை மில்டன் கண்டுகொள்வார். விளங்காத இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கேள்வி கேட்பார்; கடினப் பகுதியை விளக்குவார். கண்ணில்லாத ஆசிரியர் காதினால் மாணவனின் மனத்தைப் படித்தார். கண்ணுடைய மாணவனோ ஆசிரியருக்குக் கண்ணாக இருந்து தனக்கு அறிவு பெற்றான்.

1665ஆம் ஆண்டில் இலண்டனில் கொள்ளைநோய் பரவியபோது மில்டனுக்கு ஊர்ப்புறத்தில் வீடு பார்த்துக் கொடுத்தவர் எல்வுட். அங்கே கவிஞர் தம் ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தின் கையெழுத்துப் படியை அவரிடம் கொடுத்துப் படித்துவரச் சொன்னார். படித்துவிட்டு வந்த எல்வுட், இழந்த சொர்க்கத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன தாங்கள், மீண்ட சொர்க்கத்தைப் பற்றி என்ன சொல்கின்றீர்கள் என்னும் பொருள்படக் கேட்டார். கவிஞர் மறுமொழி கூறாது சிந்தனையில் ஆழ்ந்தார். 1667இல் முதற்காவியமும் 1671இல் ‘மீண்ட சொர்க்கமும்’ வெளிவந்தன. பின்னதன் தோற்றத்திற்குத் தம் கேள்வியே காரணம் என்று மில்டன் கூறியதாக எல்வுட் தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

ஒரே கவிஞரின் அறையில் இருவகை வாசிப்பு நடந்தது. ஒன்றில் வாசித்தவர் வெறும் கருவி. மற்றொன்றில் வாசித்தவர் பங்காளி. முதலாவது கசப்பை விட்டுச் சென்றது. இரண்டாவது ஒரு காவியத்துக்கு வித்திட்டது. முதியோர்க்கு வாசித்துக் காட்டுவது ஊழியமாக நின்றுவிடலாகாது. அது உரையாடலாக மலர வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை.

ஆசிரியரும் மாணவரும்

தமிழ்நாட்டில் இத்தகைய உறவு ஒரு மரபாகவே விளங்கிற்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பாடல்களை மனத்திற் புனைந்து சொல்லிக்கொண்டே செல்வார். மாணவர் ஓலையில் எழுதுவர். எழுதும் கைகள் பல மாறின. சொல்லும் வாய் ஒன்றாக இருந்தது. 1876ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் அப்பெரும்புலவர் திருவாவடுதுறையில் உயிர் நீத்தபோது, அருகில் இருந்து திருவாசகம் வாசித்தவர் அவர்தம் மாணவர் உ. வே. சாமிநாதையர். அப்போது அம்மாணவருக்கு வயது இருபத்தொன்று கூட நிரம்பவில்லை. ஆயிரக்கணக்கான பாடல்களைச் சொல்லி எழுதுவித்த ஆசிரியர், இறுதியில் மாணவனின் குரலில் தமிழைக் கேட்டவாறே விடைபெற்றார்.

அம்மாணவர் பின்னர் வாழ்நாள் முழுவதையும் ஏடுகளுக்கே ஈந்தார். 1887இல் சீவகசிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என நூல்கள் அச்சேறின. இப்பணியும் தனியொருவர் கண்ணால் நடந்ததன்று. ஒருவர் ஓர் ஏட்டை வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் வேறு ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பு நோக்கினர். செல்லரித்த ஓலையில் ஒரு சொல் கிடைத்தால் அனைவரும் சேர்ந்தே மகிழ்ந்தனர். வாய்விட்டுப் படித்தலும் காது கொடுத்துக் கேட்டலும் இல்லையேல் பதிப்பும் இல்லை.

குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்த 1937ஆம் ஆண்டில் ஐயருக்கு வயது எண்பத்திரண்டு. 1940ஆம் ஆண்டு முதல் அவர் தம் வரலாற்றை ஆனந்த விகடன் இதழில் தொடராக வெளியிட்டார். அம்முதிய வயதில் எழுத்துப் பணியில் அவருக்கு உறுதுணையாக நின்றவர் அவருடைய மாணவர் கி. வா. ஜகந்நாதன். ஒரு காலத்தில் ஆசிரியரின் அருகிலிருந்து எழுதிய மாணவர், இப்போது தாமே ஆசிரியராகத் தம் மாணவரின் துணையைப் பெற்றார். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஐயர் மறைந்ததனால் ‘என் சரித்திரம்’ முற்றுப்பெறாது நின்றது. பின்னாளில் கி. வா. ஜகந்நாதன் ‘என் ஆசிரியப்பிரான்’ என்னும் நூலை எழுதி ஆசிரியருக்கு நன்றி செலுத்தினார். ஒரு தலைமுறையின் கண் தளரும்போது அடுத்த தலைமுறையின் கண் அந்த இடத்தில் வந்து நின்ற இச்சங்கிலி அறுந்திருக்குமாயின், பழந்தமிழ் நூல்களுள் எத்தனை இன்று தமிழர் கையில் இருக்கும்?

பெரிய எழுத்தும் தோட்டத்து விளக்கும்

புலவரல்லாத எளிய மக்களும் தமக்கேற்ற வழியைக் கண்டனர். சென்னையில் அச்சான ‘பெரிய எழுத்து’ நூல்கள் தமிழ் வாசிப்பு வரலாற்றில் தனியிடம் பெற வேண்டியவை. பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலை, பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை என்று எழுத்தின் அளவே நூலின் பெயரோடு இணைந்து விளம்பரமாயிற்று. எழுத்துக்கூட்டிப் படிப்போர்க்கும், வெள்ளெழுத்தால் வருந்திய முதியோர்க்கும், மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் படித்தோர்க்கும் அவை ஒருங்கே உதவின. இங்கிலாந்தில் பார்வை குன்றியோர்க்கெனப் பெரிய எழுத்து நூல் வரிசை ஒன்றை பிரெடரிக் தார்ப் என்பவர் தொடங்கியது 1964ஆம் ஆண்டில்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தமிழ்ப் பதிப்பாளர் அத்தேவையை உணர்ந்திருந்தனர்.

மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரிடையே இக்கதை நூல்களை ஒருவர் இராகத்தோடு படிக்க ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பது வழக்கமாயிருந்தது. 1924ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தமிழ் நேசனும், 1935ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழ் முரசும் தோன்றிய பின்னர், செய்தித்தாளும் அவ்வாறே படிக்கப்பட்டது. ஒரு தாளை வாங்கியவர் ஒருவர். அதனைக் கேட்டவர் பலர். எழுத்தறியாத தொழிலாளியும் எழுத்தறிந்தும் கண் மங்கிய கிழவரும் ஒரே திண்ணையில் அமர்ந்து ஒரே குரலைக் கேட்டனர். பள்ளியிற் படிக்கும் சிறுவன் அங்கே ஆசிரியனானான். தடுமாறிய சொல்லைத் திருத்தியவர் முதியவர். தெரியாத எழுத்தைக் காட்டியவன் சிறுவன். இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பள்ளிக்கூடங்களோடு இத்திண்ணைகளையும் கணக்கில் கொள்ளல் வேண்டும்.

இக்கால நிலை

வெள்ளெழுத்து வேறு, கண்புரை வேறு. கண்புரையில் வில்லை மங்கிப் பார்வையே மறைகின்றது. 1949ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள்ளேயே பொருத்தினார். 1976ஆம் ஆண்டில் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வாத நோயால் கோணிய விரல்களைக் கொண்டே அறுவை செய்யப் பழகியவர் அவர். 1992ஆம் ஆண்டில் அந்நிறுவனம் கண்ணுள் பொருத்தும் வில்லைகளைக் குறைந்த விலையில் தானே செய்யத் தொடங்கியது. ஏழை முதியவரின் கண்ணுக்கும் ஒளி எட்டிற்று. பைசா நகரத்துத் துறவியின் மகிழ்ந்த உள்ளம் மதுரையிலும் பிறந்தது எனலாம்.

எனினும் பணி முடிந்துவிடவில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, வெள்ளெழுத்து இருந்தும் அதற்கேற்ற கண்ணாடி பெறாதோர் உலகில் ஏறத்தாழ 82 கோடியே 60 இலட்சம் பேர். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே விடை காணப்பட்ட ஒரு குறைக்கு இன்றும் இத்தனை பேர் ஆளாகி நிற்பது, அறிவு தோன்றினால் மட்டும் போதாது, அது பகிரப்படவும் வேண்டும் என்பதை மீண்டும் நினைவூட்டுகின்றது.

இன்று கைப்பேசியில் எழுத்தை விரித்துக்கொள்ளலாம். நூலை ஒலிவடிவிற் கேட்கலாம். இவை பெரும் வரங்களே. ஆயினும் ஒலிக்கருவி, கேட்பவர் முகத்தை நோக்கி நிறுத்தாது. விளங்காத சொல்லுக்குப் பொருள் கேளாது. மீண்ட சொர்க்கம் எங்கே என்றும் வினவாது. அதனை மனிதக் குரலே செய்ய வல்லது.

தமிழாசிரியர் ஒருவர் தம் மாணவரிடம், வாரத்தில் ஒரு நாள் வீட்டிலுள்ள பாட்டிக்கோ தாத்தாவுக்கோ செய்தித்தாளின் ஒரு பத்தியை, அல்லது தான் அவ்வாரம் படிக்கும் நூலின் ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டுமாறு சொல்லலாம். வாசிப்பவன் உச்சரிப்பைப் பெறுவான். கேட்பவர் உலகத்தைப் பெறுவார். இருவர்க்கும் இடையே, பேசுவதற்கு ஒரு பொருள் பிறக்கும். முதியவர் ஒரு சொல்லைத் திருத்துவார். அச்சொல்லோடு ஒரு பழங்கதையும் வரும். செலவு ஒன்றும் இல்லாத இப்பயிற்சியில் மொழியும் உறவும் ஒருசேர வளரும்.

இன்று வாசிக்கும் இளங்கண்களும் ஒருநாள் வெள்ளெழுத்தைக் காணும். அந்நாளில் நூலைக் கையில் எடுத்து அருகில் வந்து அமர ஓர் இளங்குரல் வேண்டுமாயின், அப்பழக்கம் இன்றே இல்லத்தில் தொடங்கியிருத்தல் வேண்டும்.